டார்ப்பி சாமியார் தூங்கிய சனிக்கிழமை

முப்பத்தேழு வருஷம் சனிக்கிழமை ராத்திரி தவறாமல் ஓடிய அந்த டி.வி. நிகழ்ச்சியைப் பற்றி ஒரு பேராசிரியர் புத்தகம் எழுதியிருக்கிறார். நானூறு பக்கம். என் தங்கை மகள் டப்ளினிலிருந்து வாங்கி அனுப்பினாள். படித்து முடித்து இரண்டு நாள் ஆகியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அதை நடத்திய கார்மக் டெவேன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கே நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார் மனுஷன். 'எதிரிகள்' என்று தனி அத்தியாயம் வேறு. அதில் பிஷப்புகளும் கிராமத்துச் சாமியார்களும் வரிசையாக நிற்கிறார்கள். இவர்கள் பிரசங்க மேடையிலிருந்து கண்டித்ததை எல்லாம் மீறித்தான் நிகழ்ச்சி நாட்டுக்குள் நுழைந்ததாம்.

பேராசிரியர் எங்கள் குளூன்பிராக்கன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பது தெரிகிறது. 1969-ல் எங்கள் ஊரில் இருந்தது மொத்தம் பதினாலு டி.வி. பெட்டி. மற்ற வீடுகளுக்கு அந்த நிகழ்ச்சி போய்ச் சேர்ந்தது எங்கள் பங்குக் கோவில் டார்ப்பி சாமியார் வாய் வழியாக, ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைப் பூசையில்.

அவர் கண்டிக்கிற விதம் அப்படி. எதைக் கண்டிக்கிறோம் என்று சனங்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக முதலில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்வார். டெவேன் புருவத்தைத் தூக்கினால் இவரும் தூக்கிக் காட்டுவார். லண்டன் நடிகை கால்மேல் கால் போட்டதைச் சொல்லும்போது அங்கியை ஒரு கையால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொள்வார். கர்ப்பத்தடை மாத்திரை பற்றி ஒரு டாக்டர் பேசியதை இவர் கண்டித்த ஞாயிற்றுக்கிழமை, அதை எப்போது விழுங்க வேண்டும், எத்தனை நாள் விழுங்க வேண்டும் என்பது வரை கோவிலில் இருந்த அத்தனை பெண்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசி இரண்டு நிமிஷம் நரகம். அதற்குள் பக்கத்துப் பங்குகளிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள் தொப்பியைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

சதுப்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்த பீட்டர் ஜோ பேர்ன் வீட்டில் கரண்ட்டே கிடையாது. டி.வி. பெட்டியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எந்த வாரம் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். "பெட்டியில பாக்கறவங்களுக்கு சாமியார் நடிப்பு கிடைக்காதே, பாவம்" என்பார்.

சாமியார் பார்த்தது எங்கே என்று கேட்பீர்கள். என் வீட்டில். டி.வி. வந்த புதிதில் "இந்தப் பெட்டி என் வாசப்படியைத் தாண்டாது" என்று மேடையில் நின்று சத்தியம் செய்துவிட்டார். பார்க்காமல் கண்டிப்பது சிரமம் என்பது இரண்டே வாரத்தில் புரிந்தது. என் வீட்டுக் கொல்லைப்புறமும் அவருடைய தோட்டமும் ஒட்டியவை, நடுவில் ஒரு சின்னக் கதவு. சனிக்கிழமை ஒன்பதரைக்கு அந்தக் கதவு கிறீச்சிடும். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்குச் சாமியார் தனியாக வந்தால் ஊர் என்ன பேசும்? அதனால் அவருக்குச் சமைத்துப்போடும் வின்னி ஸ்காலியும் பின்னல் ஊசியோடு கூடவே வருவாள். டெவேன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் தூங்கிவிடுவாள். நிகழ்ச்சி முடிந்து எழுந்து போகும்போது, "என்ன கண்றாவிடா சாமி இது" என்று எங்களோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வாள்.

என் பெயர் அட்ராக்டா ஃபீரிக். கடைத்தெருவில் நூல்கண்டு, பொத்தான், கடிதத்தாள், வாழ்த்து அட்டை விற்கிற கடை என்னுடையது. அந்த டி.வி. பெட்டி என் புருஷன் மாலக்கி இங்கிலாந்தில் கவன்ட்ரியிலிருந்து அனுப்பியது என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். போயில் என்ற பக்கத்து ஊரில் ஒரு கடையில் மாத வாடகைக்கு நானே எடுத்தது அது.

மாலக்கி கார் தொழிற்சாலை வேலைக்குப் போனது 1958-ல். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றது. அங்கே அவனுக்கு வேறொருத்தியும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாக மூன்றாவது வருஷம் என் சித்தப்பா மகன் வந்து சொன்னான். எங்கள் நாட்டில் அப்போது விவாகரத்து கிடையாது. நான் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. சித்தப்பா மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அவனை அனுப்பினேன். வேறு யாருக்கும் மூச்சு விடவில்லை.

ஏன் மறைத்தாய் என்று என் தங்கை மகள் கேட்கிறாள். அவளுக்கு எங்கள் ஊர் தெரியாது. குளூன்பிராக்கன் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பரிதாபப்பட்டால் தாங்க முடியாது. முன்பு ஒருத்தியைப் புருஷன் விட்டுப் போனது தெரிந்ததும், வாசலில் முட்டையும் ரொட்டியுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அவளைக் கண்டாலே எல்லோருக்கும் குரல் தாழ்ந்துபோகும். தெருவில் ஒருநாள் அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்; "பாவம், புத்தி பிசகிடுச்சு" என்றார்கள். சிவப்புக் கோட்டு ஒன்று வாங்க ஆசைப்பட்டு, கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தவள் அவள். அந்த முட்டைகள் என் வாசலுக்கு வரக்கூடாது. அது ஒன்றுதான் என் பிடிவாதம்.

அதனால் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் கடையிலிருந்தே ஒரு அட்டையை எடுத்து, மாலக்கி எழுதுவதுபோல எனக்கு நானே எழுதிக்கொள்வேன். அவன் எழுத்து படுமோசம், அதனால் இடது கையால் எழுதுவேன். அதை டி.வி. பெட்டிமேல் வருஷம் முழுக்க நிறுத்தி வைப்பேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. டார்ப்பி சாமியார் ஒவ்வொரு வருஷமும் அதை எடுத்துப் படித்துவிட்டு, "மனசு தங்கம், எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு" என்பார்.

அந்த அக்டோபரில் டெவேன் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். முடிக்கும்போது, வீட்டில் இருக்கும் மனைவிமார்கள் நிலைமை என்ன என்று எழுதுங்கள் என்றார். மறுநாள் சாமியார் அதைக் கண்டித்தார். நம் குடும்பங்களுக்கு ஒரு குறையும் கிடையாது என்றார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"நம்ம மாலக்கி ஃபீரிக்கைப் பாருங்க. பதினோரு வருஷம் அந்நிய நாட்டுல கஷ்டப்பட்டு பொண்டாட்டிக்கு டி.வி. பெட்டி அனுப்பியிருக்கான். அனுப்பின பொருள் தப்பு. அனுப்பின மனசு எப்பேர்ப்பட்டது?"

கோவிலே என் பக்கம் திரும்பிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நீலக் கடிதத்தாளில் டெவேனுக்கு எழுதினேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. மறுநாள் எட்டு மைல் சைக்கிள் மிதித்துப் போய் போயிலில் தபாலில் போட்டேன். ரொம்பப் புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை. சாமியார் வழக்கமான நாற்காலியில், மடியில் காணிக்கை உறையும் பென்சிலும், குறிப்பு எடுக்க. வின்னி அதற்குள் குறட்டை. டெவேன் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"தபால் முத்திரை ரோஸ்காமன் மாவட்டம், நீலத்தாள்ல ஒரு அம்மா எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு வாசித்தார். "எங்க சாமியார் நவம்பர் மாசம் இங்கிலாந்துல இருக்கிற பதினோரு பேர் பெயரை வாசிச்சு, அவங்க பத்திரமா இருக்கணும்னு ஜெபிக்கச் சொல்றார். என் புருஷன் பத்திரமாத்தான் இருக்கான். இன்னொருத்தி வீட்டுல இருக்கான்."

அங்கே உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. டெவேன் சிரிக்காமல் காத்திருந்தார். கூட்டம் அடங்கியதும் மீதியை வாசித்தார். "கிறிஸ்துமஸுக்கு அவன் எழுதற மாதிரி எனக்கு நானே அட்டை எழுதிக்கறேன். இடது கையால எழுதறேன்."

மாவட்டத்திலேயே பெயர்ப் பட்டியல் வாசிக்கிற பழக்கம் டார்ப்பி சாமியார் ஒருவருக்குத்தான். பதினொன்று என்று எண்ணிக்கையையும் எழுதித் தொலைத்திருக்கிறேன். ஊரை மறைக்க எட்டு மைல் போனவள், ஊரின் அடையாளத்தைக் கடிதத்துக்குள்ளேயே வைத்து ஒட்டியிருக்கிறேன்.

சாமியார் டெவேன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் கண் ஒரு சாண் மேலே போனது. பெட்டிமேல் போன வருஷத்து அட்டை நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், இன்னொரு தடவை அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் வின்னியை எழுப்பினார்.

"தேநீர் நல்லாயிருந்துச்சு அட்ராக்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டார். காணிக்கை உறை நாற்காலியிலேயே கிடந்தது. அதில் நடிகை ஒருத்தியின் பெயரும் 'வெட்கம் கெட்ட' என்ற சொல்லும் எழுதியிருந்தன. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மாலக்கியை விட சாமியார்மேல்தான் பயம். எதையும் மிச்சம் வைத்துச் சொல்லத் தெரியாத வாய் அது. பெயரைச் சொல்ல மாட்டார், ஆனால் இடது கையை ஆட்டி எழுதிக் காட்டுவார். அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குக் கோவிலில் நிற்க இடமில்லை. பதினாலு பெட்டி வீட்டுக்காரர்களும் விடிவதற்குள் ஊர் முழுக்கச் செய்தியைச் சொல்லி முடித்திருந்தார்கள். இங்கிலாந்தில் புருஷன் இருக்கிற பதினோரு பெண்களையும் ஊர் ஒவ்வொருத்தியாகத் தலை முதல் கால் வரை அளந்துகொண்டிருந்தது. சாமியார் மேடை ஏறினார், கைப்பிடியைப் பிடித்தார்.

"நேத்து ராத்திரி அந்த நிகழ்ச்சியை நான் பாக்கல. தூங்கிட்டேன். வயசாகுது" என்றார்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைய சுவிசேஷத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அது அவருக்கு வரவே இல்லை. கடுகு விதையில் ஆரம்பித்து, நடுவில் எங்கேயோ வலை வீசப் போய், கரைக்குத் திரும்பத் தெரியாமல் ஆமென் சொல்லிவிட்டார். அன்று வாசிக்க வேண்டிய பதினோரு பெயர்ப் பட்டியலையும் வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். பட்டியல் அவர் ஜெபப் புத்தகத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததை முன் வரிசையில் இருந்த நான் பார்த்தேன். ஒரே பூசையில் இரண்டு பொய். எனக்கு அழுகை வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோவில் வாசலில் பீட்டர் ஜோ அவரை மடக்கினார்.

"அஞ்சு மைல் நடந்து வந்திருக்கேன் சாமி. நீங்களே தூங்கிட்டா நாங்க எங்க போறது?"

"மனுசனுக்குத் தூக்கம் வராதா பீட்டர் ஜோ?"

"வரும் சாமி. நாங்கதான் உங்க பிரசங்கத்துல தூங்கினதில்லையே, இன்னைக்கு வரைக்கும்."

வின்னி ஸ்காலி முன்னால் வந்து நின்றாள். "சாமியார் சொல்றது நிசம். குறட்டைன்னா குறட்டை, அப்படி ஒரு குறட்டை. நான்தான் முழிச்சு உக்காந்திருந்தேன்" என்றாள். மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னாள்.

மத்தியானம் என் கதவை யாரோ இடித்தார்கள். டிம்ப்னா காஃப்னி. லூட்டனில் புருஷன், வீட்டில் நாலு பிள்ளைகள், எனக்குத் தெரிந்து யாரிடமும் பயப்படாதவள்.

"யாருடி உன் கடையில நீலத்தாள் வாங்கினது?"

"எதுக்குக் கேக்கறே?"

"என் கதையை எவளோ டெவேனுக்கு எழுதிப் போட்டிருக்கா. அவ கையை ஒடிக்கணும். நானே அட்டை எழுதிக்கறது எப்படித் தெரிஞ்சுச்சு அவளுக்கு? சன்னல்ல எட்டிப் பாத்தாளா?"

நான் கதவைச் சாத்தினேன். "நீயும் எழுதிக்கறியா?"

"என்ன நீயும்?" என்றவள் பாதியில் நிறுத்தினாள். பெட்டிமேல் இருந்த அட்டையைப் பார்த்தாள், என் இடது கையைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் இரண்டாவது தேநீர் ஊற்றுவதற்குள் ஃபிலமீனா கில்பிரைட் வந்தாள். அவள் சண்டை போடவில்லை, நுழைந்ததும் அழுதாள். அவளுக்கும் நீலத்தாள் யார் வாங்கினார்கள் என்பதுதான் தெரிய வேண்டும். அவளை உட்கார வைத்த கையோடு கேசி வீட்டு மூத்த மருமகள் ஊனா முன்வாசலில் வந்து நின்றாள். பத்து நிமிஷம் கழித்து இளைய மருமகள் மாரா கொல்லைக் கதவு வழியாகத் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணன் தம்பியைக் கட்டி, ஒரே கூரையின் கீழ் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். எட்டு வருஷமாக ஒருத்திக்கொருத்தி அட்டையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். என் அடுப்படியில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, டெவேன் நிகழ்ச்சியில்கூட அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்த அட்டைகளை விற்றது நான்தான். ஒவ்வொரு டிசம்பரும் இந்த நாலு பேரும் "இன்னும் ஒண்ணு குடு" என்று கூடுதலாக ஒன்று வாங்கிப் போவார்கள். நானும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்வேன். ஒரு தடவை கூட எனக்கு உறைக்கவில்லை. என் கஷ்டத்தைப் பொத்தி வைக்கிற மும்முரத்தில், கையை நீட்டி நின்ற நாலு பேரை நான் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "என் கதையைத்தான் எழுதினேன்."

டிம்ப்னா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இடது கையாலயா எழுதறே? நான் பஸ்ல உக்காந்து எழுதுவேன். ஆட்டத்துல என் ஆள் எழுத்து அப்படியே வந்துடும்."

"நான் கையுறை போட்டுக்குவேன்" என்றாள் ஃபிலமீனா, அழுகையோடு.

"எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றாள் ஊனா. "எங்க எழுத்தே மோசம்."

சிரித்தோம். பதினோரு வருஷத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை. தெருவுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்று இருந்தது.

திங்கட்கிழமையே முட்டை வர ஆரம்பித்தது. யார் என்று தெரியாததால் ஊர் பதினோரு வீட்டுக்கும் பாரபட்சம் இல்லாமல் கொண்டுவந்து வைத்தது. உண்மையாகவே யோக்கியமான புருஷன் உள்ள ஆறு பெண்களுக்கும் தாழ்ந்த குரலும் ரொட்டியும் கிடைத்தன. அதில் ஒருத்தியின் புருஷன் கேள்விப்பட்டு லீட்ஸிலிருந்து கப்பலேறி வந்து, மதுக்கடையில் நின்று, "எவன்டா என்னை ஓடிப்போனவன்னது?" என்று இரண்டு பேரை அடித்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் மறுபடி என் வீட்டில் கூடினோம். பயந்தாங்கொள்ளி ஃபிலமீனாதான் ஆரம்பித்தாள்.

"பேர் போடாம எழுதினதாலதானே பதினோரு பேரும் மாட்டிக்கிட்டோம். பேர் போட்டு எழுதினா ஆறு பேர் தப்பிச்சுக்குவாங்க."

"அப்புறம் நம்ம அஞ்சு பேருக்கும் காலம் பூரா முட்டைதான்" என்றேன் நான். முதலில் எழுதியவள் நான், கடைசியில் பின்வாங்கியவளும் நானே.

"ஒருத்தியா இருந்தா பரிதாபப்படுவாங்க" என்றாள் டிம்ப்னா. "அஞ்சு பேர் சேர்ந்து நின்னா எப்படிடி பரிதாபப்படுவாங்க? பயப்படுவாங்க."

நீலத்தாள் எடுத்தேன். அன்று வலது கையால் எழுதினேன். எங்கள் ஊர், போனவர்கள் பெயர், எத்தனை வருஷம், பிள்ளைகள் எத்தனை. ஐந்து கையெழுத்து. இந்தத் தடவை எங்கள் ஊர்த் தபால் நிலையத்திலேயே போட்டோம். தபால்கார அம்மாள் முகவரியைப் பார்த்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள், நாங்களும் பார்த்தோம். டிசம்பர் ஆறாம் தேதி வாசிக்கிறேன் என்று டெவேனிடமிருந்து பதில் வந்தது.

அதுவரை சாமியார் சனிக்கிழமைகளில் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். பார்த்தார், குறிப்பு எடுத்தார், மறுநாள் அரை மனதோடு கண்டித்தார். அந்த ராத்திரியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எதற்காக எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்று நான் கடைசிவரை கேட்டதில்லை. அவர் சாவுக்குப் போனபோதுகூட நன்றி என்று மட்டும்தான் மனதுக்குள் சொன்னேன்.

ஆறாம் தேதி ஒன்பதரைக்குக் கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. வின்னி பின்னலோடு முன்னால் வந்து தன் மூலையில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த சாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். டி.வி.க்கு எதிரே ஐந்து நாற்காலி, ஐந்து பெண்கள், எல்லோரும் பூசைக்குப் போகிற உடையில். பெட்டிமேல் அட்டை இல்லை. காலையில் அதை நானே அடுப்பில் போட்டிருந்தேன்.

டிம்ப்னாவைப் பார்த்தார், ஃபிலமீனாவைப் பார்த்தார், கேசி வீட்டு மருமகள்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நாலு வாரமாக என் கண்ணைப் பார்க்காதவர்.

"ஏம்மா அட்ராக்டா, இன்னைக்கும் நான் தூங்கணுமா?"

"வேண்டாம் சாமி. முழிச்சிருங்க. பேர் போட்டு எழுதியிருக்கோம்."

அப்புறம் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வரிசையில், என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து காணிக்கை உறையை எடுத்தார், பென்சிலை நாக்கில் நனைத்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை" என்றார்.